புல்வெளியும் மரமும் பராமரிப்பவர்களுக்கு எப்படிக் கற்றுக்கொடுப்பது?

பெரிய வளாகம் ஒன்றின் புல்வெளி, மரங்கள், நடைபாதைகள் ஆகியவற்றைப் பார்த்துக்கொள்ளும் 12 பேர் கொண்ட குழுவுக்கு மேற்பார்வையாளராக இருக்கும் ஒருவர் கேட்டிருக்கும் கேள்வியை முதலில் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். புதிதாகச் சேருபவர்களுக்கு முதல் நாள் முழுவதும் வகுப்பு நடத்துகிறார்கள், காணொளி காட்டுகிறார்கள், எல்லாம் புரிந்தது என்று கையெழுத்தும் வாங்கிக்கொள்கிறார்கள். ஆனால் மூன்றாவது வாரத்திலேயே, சுழலும் நைலான் கயிற்றால் புல் வெட்டும் பிரஷ் கட்டர் மரத்தின் அடிப்பட்டையில் படுகிறது, புல் தரையோடு வழிக்கப்படுகிறது, கிளைகள் தாறுமாறாக வெட்டப்படுகின்றன. இது ஆட்களின் குறையா, கற்பிக்கும் முறையின் குறையா என்பதே கேள்வி.

பெரும்பாலும் முறையின் குறை என்பதே என் பதில். உங்கள் வகுப்பு மோசமாக நடந்தது என்று சொல்ல வரவில்லை. எவ்வளவு நல்ல வகுப்பாக இருந்தாலும் வகுப்பால் செய்ய முடியாத ஒரு வேலையை அதனிடம் ஒப்படைத்துவிட்டீர்கள் என்கிறேன். அது ஏன் என்பதை விளங்கிக்கொள்ள, இந்தத் தொழிலுக்கென்று உள்ள ஒரு தனிக் குணத்தைப் பார்க்க வேண்டும்.

தையற்காரர் துணியைத் தப்பாக வெட்டினால் தைக்கும்போதே தெரிந்துவிடும். தச்சர் இழைத்த சட்டம் பொருந்தாவிட்டால் இடைவெளி அந்த நிமிடமே கண்ணில் படும். அவர்களுக்கு வேலையே வாத்தியார். தோட்டவேலையில் பிழைக்கும் அதன் விளைவுக்கும் நடுவே நாட்களோ மாதங்களோ, சில சமயம் பல ஆண்டுகளோ கிடக்கின்றன. தாழ வெட்டப்பட்ட புல் அன்று மாலை சீராகவே தெரியும். மூன்று நான்கு நாள் கழித்துத்தான் பழுப்பேறும். இலைவழியாக உள்ளே சென்று வேலை செய்யும் களைக்கொல்லி காற்றில் விலகிப் பக்கத்துச் செடியில் பட்டிருந்தால், அந்த இலை வெளுக்க ஒரு வாரம்கூட ஆகலாம். பிரஷ் கட்டரின் நைலான் கயிறு இளமரத்தின் பட்டையைச் சுற்றிலும் சிதைத்துவிட்டால், இலைகள் தயாரித்த சர்க்கரை வேருக்கு இறங்கும் பாதையாகிய உள்பட்டை அறுபடுகிறது. ஆனாலும் மரம் உடனே வாடாது, ஏனென்றால் தண்ணீர் மேலேறும் பாதை கட்டைக்குள் பத்திரமாக இருக்கிறது, வேரிலும் சேமிப்பு இருக்கிறது. சேமிப்பு கரைந்து நுனிக் கிளைகள் காயத் தொடங்கும்போது ஓர் ஆண்டோ இரண்டு ஆண்டோ கடந்திருக்கும். கயிற்றை ஓட்டியவர் அதற்குள் வேறு வேலைக்குப் போயிருப்பார். மரத்துக்கு ஏதோ நோய் என்று எழுதிவைப்பார்கள்.

ஆகவே ‘செய்யச் செய்யப் பழகிவிடும்’ என்ற நம்பிக்கை இங்கே பாதிதான் பலிக்கிறது. கை பழகும், வேகம் வரும். சரி எது தவறு எது என்பது தானாகத் தெரியவராது. பத்தாண்டு அனுபவம் உள்ள ஒருவரிடம் உண்மையில் இருப்பது ஒரே பிழையைப் பத்தாண்டு திருப்பித் திருப்பிச் செய்த பழக்கமாக இருக்கக்கூடும். அவரைக் குற்றம் சொல்லவும் முடியாது, மரம் அவரிடம் ஒன்றும் சொல்லவில்லையே. பயிற்சி கொடுப்பவருடைய முதல் கடமை, தொலைவில் இருக்கும் விளைவை எப்படியாவது அருகில் கொண்டுவந்து காட்டுவது. மற்ற உத்திகள் எல்லாம் அதற்குப் பிறகுதான்.

இனி, மனிதர்கள் கைவேலையைக் கற்கும் விதத்துக்கு வருவோம். ஃபிட்ஸ், போஸ்னர் என்ற இரு உளவியலாளர்கள் 1967 இல் இதை மூன்று நிலைகளாகப் பிரித்துக் காட்டினார்கள். முதல் நிலையில் கற்பவர் ஒவ்வோர் அசைவையும் யோசித்துச் செய்கிறார். அவருடைய கவனம் முழுவதும் கையிலேயே இருப்பதால், அப்போது வேறெதுவும் காதில் ஏறாது. இரண்டாவதில் அசைவுகள் ஒன்றோடொன்று கோத்துக்கொள்கின்றன, பிழைகள் குறைகின்றன. மூன்றாவதில் கை தானாக ஓடுகிறது, மனம் வேறெங்கோ இருக்கலாம். இதிலிருந்து மேற்பார்வையாளருக்குக் கிடைக்கும் பாடங்கள் இரண்டு. முதல் நிலையில் இருப்பவரிடம் இயந்திரம் இரைந்துகொண்டிருக்கும்போது கத்தி அறிவுரை சொல்வது வீண். நிறுத்தச் சொல்லிவிட்டு, ஒரே ஒரு திருத்தத்தை மட்டும் சொல்லி, மீண்டும் ஓட்டச் சொல்ல வேண்டும். மற்றொன்று, மூன்றாம் நிலைக்கு எது போய்ச் சேரும் என்பதைச் சரி தவறு தீர்மானிப்பதில்லை. எது அதிகம் திரும்பச் செய்யப்பட்டதோ அதுவே போய்ச் சேரும். முதல் இரண்டு வாரம் கவனிக்காமல் விட்டுவிட்டால் பிழையே கைவாகாகிவிடும். புதியவரோடு செலவிடும் நேரத்தில் பெரும்பகுதியை அந்த இரண்டு வாரத்தில்தான் செலவிட வேண்டும் என்று நான் வற்புறுத்துவதற்கு இதுவே காரணம்.

முதல் நாள் முழுநாள் வகுப்பு ஏன் தங்குவதில்லை என்பதற்கு விடை நெடுநாளாகவே தெரிந்ததுதான். ஜெர்மானிய உளவியலாளர் எபிங்ஹாஸ் பொருளற்ற அசைகளைத் தாமே மனப்பாடம் செய்து, எவ்வளவு நேரத்தில் எவ்வளவு மறக்கிறது என்று அளந்து 1885 இல் வெளியிட்டார்; மறதி தொடக்கத்தில் மிக வேகமாகவும் பிறகு மெதுவாகவும் நடக்கிறது, இடைவெளி விட்டுப் படித்தது ஒரே மூச்சில் படித்ததைவிட நிலைக்கிறது என்பவை அவர் கண்டவை. இதைக் கைவேலையில் சோதித்த ஓர் ஆய்வு எனக்குப் பிடித்தமானது. பிரிட்டனில் அஞ்சல் ஊழியர்களுக்குத் தட்டச்சுப் பலகை பழக்க வேண்டியிருந்தபோது, பேட்லி, லாங்மன் இருவரும் ஊழியர்களைக் குழுக்களாகப் பிரித்து, ஒரு குழுவுக்கு நாளுக்கு ஒரு மணி நேரமும் இன்னொரு குழுவுக்கு நாளுக்கு நான்கு மணி நேரமும் எனப் பயிற்சி அளித்து, முடிவை 1978 இல் வெளியிட்டார்கள். செலவிட்ட ஒவ்வொரு மணி நேரத்துக்கும் அதிகம் கற்றவர்கள் நாளுக்கு ஒரு மணி நேரக் குழுவினர். வேடிக்கை என்னவென்றால், தங்கள் கால அட்டவணையில் மிகக் குறைவாகத் திருப்தி அடைந்தவர்களும் அவர்களே. நாட்கணக்கில் பார்த்தால் மற்றவர்கள் முந்திச் செல்வது போலத் தெரிந்தது. பயிற்சி முடிந்ததும் ‘நன்றாக இருந்ததா?’ என்று கேட்டு வாங்கும் கருத்துத் தாள்களை நான் அதிகம் நம்பாததற்கு இதுவும் ஒரு காரணம்.

எனவே அந்த முழுநாளை உடையுங்கள். முதல் நாள் தவிர்க்க முடியாதவை சில உண்டு. அவற்றை ஒத்திப்போடக் கூடாது. இயந்திரத்தை நிறுத்துவது எப்படி, பிளேடைத் தொடும் முன் ஸ்பார்க் பிளக் கம்பியைக் கழற்றுவது ஏன், கண்ணாடியும் காதடைப்பானும் இல்லாமல் ஓட்டக் கூடாது, பிரஷ் கட்டர் ஓடும்போது சுற்றிலும் 15 மீட்டருக்குள் யாரும் இருக்கக் கூடாது, சூடான எஞ்சினில் பெட்ரோல் ஊற்றக் கூடாது என்பவை அவை. இவற்றையும் கட்டளையாகச் சொல்லாமல் கணக்காகச் சொன்னால் தங்கும். புல்வெட்டியின் 53 செ.மீ. நீளப் பிளேடு நிமிடத்துக்கு 3,000 சுற்று சுற்றினால் அதன் நுனி நொடிக்கு ஏறக்குறைய 83 மீட்டர், அதாவது மணிக்கு 300 கிலோமீட்டர் வேகத்தில் போகிறது. அங்கே அகப்படும் கூழாங்கல் எந்த வேகத்தில் வெளியே வரும் என்பதை அவர்களே யோசித்துக்கொள்வார்கள். மீதி எல்லாவற்றையும் காலையில் 20 நிமிடம், அன்றைக்குச் செய்யப்போகும் வேலைக்கு உரியதை, அந்த வேலை நடக்கும் இடத்திலேயே என்று மூன்று நான்கு வாரங்களுக்குப் பரப்பிவிடலாம். கவாத்துக் காலம், அதாவது கிளைகளை வெட்டிச் சீர்செய்யும் காலம், வருவதற்கு நான்கு மாதம் முன்பே கவாத்தைப் பற்றிச் சொல்லிக்கொடுத்தால் கத்தரியை எடுக்கும் நாளில் அதில் என்ன மிஞ்சியிருக்கும்?

‘புரிந்ததா?’ என்ற கேள்வியை உங்கள் பேச்சிலிருந்து அறவே எடுத்துவிடுங்கள். அதற்கு வரும் தலையாட்டல் பெரும்பாலும் மரியாதையின் அடையாளம். சம்பளம் தருபவரிடமோ வயதில் மூத்தவரிடமோ ‘புரியவில்லை’ என்று நாலு பேர் முன்னால் சொல்ல யாருக்கும் மனம் வராது. அதற்குப் பதிலாக ‘எனக்குச் செய்து காட்டுங்கள், செய்யும்போதே ஏன் அப்படிச் செய்கிறீர்கள் என்றும் சொல்லுங்கள்’ என்று கேட்க வேண்டும். மறுநாள் காலை, நீங்கள் எதையும் நினைவூட்டுவதற்கு முன்பே, நேற்றுச் செய்ததை அவர்களையே சொல்லச் சொல்ல வேண்டும். இது சோதனைக்காக மட்டும் செய்வதல்ல. நினைவிலிருந்து எடுத்துச் சொல்லும் முயற்சியே கற்றலை உறுதிப்படுத்துகிறது. ரோடிகர், கார்ப்பிக் இருவரும் 2006 இல் வெளியிட்ட ஆய்வில், திரும்பப் படித்தவர்கள் ஐந்து நிமிடம் கழித்து நன்றாகச் செய்தார்கள். ஒரு வாரம் கழித்து, படித்ததை நினைவிலிருந்து எடுத்து எழுதிப் பார்த்தவர்களே முன்னால் நின்றார்கள். உங்கள் வகுப்பின் முடிவில் எல்லாம் சரியாக இருந்து மூன்றாவது வாரத்தில் எல்லாம் காணாமல் போவதன் கதையும் இதுதான்.

ஒரு வேலையை எடுத்துக்கொண்டு இதைக் கிட்டத்தில் பார்ப்போம். கைப்பிடிப் பருமனுள்ள ஒரு கிளையை நீக்க வேண்டும். இதற்கு மூன்று வெட்டுகள். தண்டிலிருந்து ஏறக்குறைய 30 செ.மீ. தள்ளி, கிளையின் அடிப்பக்கத்திலிருந்து மூன்றில் ஒரு பங்கு ஆழத்துக்கு முதல் வெட்டு. அதற்குச் சற்று வெளியே தள்ளி, மேலிருந்து கீழாக இரண்டாவது வெட்டு; கிளை முறிந்து விழும். எஞ்சிய கட்டையை, கிளை தண்டோடு சேருமிடத்தில் மடிப்பு விழுந்த கழுத்துப் போலத் தடித்திருக்கும் பகுதிக்கு வெளியே ஒட்டி அறுப்பது மூன்றாவது வெட்டு. ஒவ்வொன்றுக்கும் காரணம் உண்டு. முதல் வெட்டு இல்லாவிட்டால் கிளை தன் பாரத்தில் சாயும்போது தண்டின் பட்டையையும் உரித்துக்கொண்டு இறங்கும். மூன்றாவது வெட்டு அந்தக் கழுத்துக்குள் போய்விட்டால் தண்டின் திசுவே அறுபடும். அதற்கு மிகவும் வெளியே நின்றுவிட்டால் எஞ்சிய கட்டை மட்கி, மட்கல் உள்ளே இறங்கும்.

இதை எப்படிக் கற்பிப்பது? அமெரிக்காவில் கப்பல் கட்டும் தளங்களுக்கு ஆட்களைப் பழக்கிய சார்லஸ் ஆலன் 1919 இல் நான்கு படி முறை ஒன்றை எழுதிவைத்தார். 1940 முதல் 1945 வரை போர்க்காலத் தொழிற்சாலைகளுக்காக அங்கு நடந்த பயிற்சித் திட்டம் அதையே செம்மைப்படுத்தி, லட்சக்கணக்கானவர்களைப் பழக்கியது. ஆளைத் தயார்ப்படுத்துவது, வேலையைக் காட்டுவது, அவரைச் செய்யவைப்பது, பிறகு தொடர்ந்து பார்ப்பது என்பவையே அந்தப் படிகள். நான் அதை இப்படிப் பயன்படுத்துகிறேன். எப்படியும் அப்புறப்படுத்தவிருக்கும் கிளைகள் சிலவற்றைத் தாங்குச் சட்டத்தில் கட்டி, முதலில் ஒரு வார்த்தை பேசாமல் மூன்று வெட்டையும் போட்டுக் காட்டுவேன். இரண்டாவது கிளையில் ஒவ்வொரு வெட்டின் பெயரை மட்டும் சொல்வேன். மூன்றாவது கிளையில் ஒவ்வொன்றுக்கும் காரணம். நான்காவது கிளை அவருடையது; அவர் வாய் பேசாமல் செய்துவிடுவார், ஐந்தாவதில் காரணத்தையும் சொல்லவைப்பேன். பெரும்பாலும் இரண்டாவது வெட்டின் இடத்தில்தான் தடுமாற்றம் வரும்: முதல் வெட்டுக்கு நேர் மேலே வைப்பார்கள், அல்லது தண்டுப் பக்கம் தள்ளி வைப்பார்கள். உடனே தடுக்காமல், ஆபத்து இல்லாத அந்தச் சட்டத்தில் கிளை எப்படிக் கிழிகிறது என்பதை அவர்களே பார்க்கவிடுவது நல்லது. கிழிந்த பட்டையைக் கையில் பிடித்துப் பார்த்தவர் அதை மறப்பதில்லை.

அதோடு நிறுத்தக் கூடாது. வளாகத்துக்குள்ளேயே ஐந்தாறு ஆண்டுகளுக்கு முன் கவாத்துச் செய்யப்பட்ட மரங்கள் இருக்கும். சரியான இடத்தில் வெட்டப்பட்ட கிளையைச் சுற்றி உருண்டையான சுருள்வளையம் மூடிவருவதையும், தண்டை ஒட்டி வழித்து அறுத்த இடத்தில் நீண்ட பொந்து விழுந்திருப்பதையும், கட்டை விட்ட இடத்தில் காளான் முளைத்திருப்பதையும் அடுத்தடுத்து நடந்து காட்டினால், ஆறாண்டு விளைவு அரை மணி நேரத்தில் கண் முன் வந்துவிடும். அமெரிக்க வனத்துறையில் பணியாற்றிய அலெக்ஸ் ஷைகோ ஆயிரக்கணக்கான மரங்களை நெடுக்காக அறுத்துப் பார்த்துத்தான், மரம் தன் காயத்தை நம் தோல்போல ஆற்றிக்கொள்வதில்லை, அதைச் சுவர் எழுப்பித் தனியே ஒதுக்கிவைக்கிறது என்ற விளக்கத்தை 1970களில் முன்வைத்தார். அவர் செய்ததன் சிறு வடிவத்தையே நாமும் செய்கிறோம். வெட்டி வீழ்த்தப்படும் மரத்தின் துண்டுகளை எரிக்கக் கொடுத்துவிடாமல், பழைய காயம் உள்ள இரண்டு துண்டுகளையாவது பாடத்துக்கென்று எடுத்துவையுங்கள்.

பட்டைக் காயத்துக்கும் இதுபோல ஓர் எளிய செயல்முறை உண்டு. விரல் பருமனுள்ள பச்சைக் குச்சி ஒன்றை மண்ணில் ஊன்றி, பிரஷ் கட்டரின் கயிற்றை இரண்டே நொடி அதன் மேல் படவிடச் சொல்லுங்கள். இயந்திரத்தை அணைத்துவிட்டுக் குச்சியைக் கையில் எடுத்து நகத்தால் பட்டையை நீக்கிப் பார்த்தால், வெளியே ஒரு கீறல்போலத் தெரிவது உள்ளே வெள்ளைக் கட்டை வரை போயிருக்கும். ‘இரண்டு நொடி’ என்று நீங்கள் விளக்கவே வேண்டாம். புல் வெட்டும் உயரத்தைக் காட்ட, ஒரு மீட்டர் அகலத்தில் இரண்டு புல்வெளிக் கீற்றுகள் போதும்: ஒன்றை முறைப்படி, இலை உயரத்தில் மூன்றில் ஒரு பங்குக்கு மேல் போகாமல் வெட்டுவது, மற்றதை வழித்து வெட்டுவது. குச்சி நட்டுத் தேதி எழுதி, முதல் நாளும் நான்காம் நாளும் பத்தாம் நாளும் எல்லாரும் போய் நின்று பார்க்க வேண்டும். மழுங்கிய பிளேடு வெட்டிய புல்நுனி கிழிந்து வெளுப்பதையும், தீட்டிய பிளேடு வெட்டியது நேராக நிற்பதையும் உருப்பெருக்கிக் கண்ணாடி ஒன்று காட்டிவிடும்.

களைக்கொல்லி தெளிப்பில் பிழை இன்னும் மறைவானது. குப்பியின் மேல் ஹெக்டேருக்கு இவ்வளவு என்று இருக்கும். முதுகில் இருக்கும் தொட்டிக்கு எவ்வளவு ஊற்றுவது என்பது அதில் இருக்காது, இருக்கவும் முடியாது, ஏனென்றால் அது தெளிப்பவரின் நடைவேகத்தைப் பொறுத்தது. தொட்டியில் வெறும் தண்ணீரை நிரப்பி, 100 சதுர மீட்டர் இடத்தை அளந்து கயிறு கட்டி, அவரவர் வழக்கமான நடையில் தெளிக்கச் சொல்லுங்கள். தொட்டியில் குறைந்த தண்ணீரை அளவுக்குவளையால் மீண்டும் நிரப்பிப் பாருங்கள். ஒருவருக்கு 4 லிட்டர் செலவாகும், அருகில் இருப்பவருக்கு 6 லிட்டர். 4 லிட்டர்க்காரரின் 16 லிட்டர்த் தொட்டி 400 சதுர மீட்டருக்குப் போதும். ஹெக்டேருக்கு 2 லிட்டர் மருந்து என்றால் அவருடைய தொட்டிக்கு 80 மில்லி. 6 லிட்டர்க்காரரும் அதே 80 மில்லியை ஊற்றினால் தேவையைப்போல ஒன்றரை மடங்கு மருந்து நிலத்தில் விழும். களை செத்துவிடும், அளவு கூடிப்போனது யாருக்கும் தெரியாது. எழுதப் படிக்கத் தெரியாதவர்களும் இதை அரை மணி நேரத்தில் விளங்கிக்கொள்வார்கள். முடிவைப் படிக்கவைக்கத் தேவையில்லை, அவரவர் குவளையில் வண்ணக்கோடு போட்டுக் கொடுத்துவிடலாம். டூ ஸ்ட்ரோக் எஞ்சினின் பெட்ரோல் கலவைக்கும் இதே கோடுதான்: 50க்கு 1 என்றால் 5 லிட்டருக்கு 100 மில்லி ஆயில்.

பயிற்சியைச் சமதரையில் ஒரே மாதிரி நடத்திப் பழக்கிவிட்டு, சரிவிலும் ஈரத்திலும் உயர்ந்த புல்லிலும் ஆட்கள் தடுமாறினால் வியப்படையக் கூடாது. ஷே, மார்கன் இருவரும் 1979 இல் காட்டியபடி, ஒரே அசைவைத் தொடர்ச்சியாகப் பழகியவர்கள் பழகும் நேரத்தில் நன்றாகச் செய்கிறார்கள். பல அசைவுகளை மாற்றி மாற்றிப் பழகியவர்கள் அப்போது தடுமாறினாலும் பின்னால் புதிய நிலைமைகளில் மேலாகச் செய்கிறார்கள். முற்றிலும் புதியவருக்கு முதல் சில நாள் எளிய ஒரே வேலை போதும். இயந்திரம் கைக்குள் வந்த பிறகு இடத்தையும் வேலையையும் வேண்டுமென்றே கலந்து கொடுங்கள். ஏறி உட்கார்ந்து ஓட்டும் புல்வெட்டியை மட்டும் சரிவில் பரிசோதனைக்கு விட வேண்டாம். அது சரிவில் மேலும் கீழுமாக ஓடவேண்டியது. நடந்து தள்ளும் இயந்திரமோ சரிவுக்குக் குறுக்காக ஓடவேண்டியது. இந்த இரண்டும் தலைகீழ் என்பதால்தான் குழப்பம் வருகிறது, எனவே இரண்டையும் ஒரே நாளில் கற்பிக்காமல் இருப்பது நல்லது.

பயிற்சி தருபவர்களிடையே உலவும் இரண்டு கட்டுக்கதைகளையும் கடந்து போய்விடுவோம். ஒருவர் கண்ணால் கற்பவர், இன்னொருவர் காதால் கற்பவர் என்று ஆட்களை வகைபிரித்துக் கற்பித்தால் நன்றாகக் கற்பார்கள் என்பதற்குப் போதிய ஆதாரம் இல்லை என்று பாஷ்லரும் உடன் ஆய்வாளர்களும் 2008 இல் அலசிச் சொல்லிவிட்டார்கள். படித்ததில் 10 விழுக்காடு, கேட்டதில் 20 விழுக்காடு, செய்ததில் 90 விழுக்காடு நினைவில் நிற்கும் என்ற வாய்பாடும் அப்படியே. அதற்கு மூலமாகக் காட்டப்படும் எட்கர் டேலின் 1946 ஆம் ஆண்டுக் கூம்புப் படத்தில் எண்களே கிடையாது. கவாத்தைக் கண், காது, கை மூன்றும் சேர்ந்துதான் எல்லாரும் கற்கிறார்கள்.

உடம்பைப் பற்றியும் பேச வேண்டும், ஏனென்றால் அதிலும் விளைவு தாமதித்தே வருகிறது. வெயில் வேலைக்குப் பழகாத உடலுக்குப் பழக ஒன்றிரண்டு வாரம் தேவை. புதியவருக்கு முதல் நாள் வெயிலில் வழக்கமான நேரத்தில் 20 விழுக்காடு, பிறகு நாளுக்கு 20 விழுக்காடு மட்டுமே கூட்டுவது என்பது அமெரிக்கத் தொழில்சார் பாதுகாப்பு, உடல்நல ஆய்வு நிறுவனத்தின் பரிந்துரை. இது பயிற்சிக்கும் தோதானது: முதல் வாரத்தில் மிஞ்சும் நேரத்தை நிழலில் பிளேடு தீட்டவும் குச்சியில் கவாத்துப் பழகவும் செலவிடலாம். காதுக்கு 85 டெசிபெல் ஒலியில் 8 மணி நேரம் என்பது அதே நிறுவனத்தின் வரம்பு. 3 டெசிபெல் கூடும்போதெல்லாம் நேரம் பாதியாகக் குறையும், ஆகவே 94 டெசிபெலில் ஒரு மணி நேரம்தான். பெட்ரோல் பிரஷ் கட்டர்கள் பலவும் அந்த அளவை எட்டுபவை. செவித்திறன் போவது பத்தாண்டு கழித்துத் தெரியும் என்பதால், காதடைப்பானை அச்சுறுத்தி மாட்டவைக்க முடியாது. மூத்தவர் மாட்டினால் புதியவரும் மாட்டுவார்.

அந்த மூத்தவரைப் பற்றி ஒரு வார்த்தை. கிளையைத் தண்டோடு வழித்து அறுத்துத் தார் பூசுவதே முறை என்று இருபது ஆண்டு செய்துவந்தவரிடம், நேற்று வந்த ஒருவர் முன்னால் ‘அது தப்பு’ என்று சொன்னால் அவரும் மாறமாட்டார், புதியவரையும் மாறவிடமாட்டார். ஒரு காலத்தில் நூல்களே அப்படித்தான் சொல்லின, அவர் கற்றதில் பிழை இல்லை என்பதையும் சொல்ல வேண்டும். நான் ஒருமுறை இதில் அவசரப்பட்டு, நல்ல கைத்தேர்ச்சி உள்ள ஒருவரின் ஒத்துழைப்பை ஓர் ஆண்டு இழந்திருக்கிறேன். அதற்குப் பிறகு செய்வது இது: ஒரே மரத்தில் ஒரு கிளையை அவர் முறையிலும் ஒன்றைப் புது முறையிலும் அவரையே வெட்டச் சொல்லி, ஆறு மாதத்துக்கு ஒருமுறை அவரோடு போய்ப் பார்ப்பது. வளையம் எங்கே மூடுகிறது என்று அவர் கண் பார்த்துவிட்டால், அடுத்தவருக்குக் கற்பிக்க அவரைவிடச் சிறந்தவர் கிடையாது.

உங்கள் பங்குக்கும் வருகிறேன். காலையில் ‘மரத்தடியில் நிதானமாக’ என்று சொல்லிவிட்டு, மாலையில் ‘இன்னும் எத்தனை சதுர மீட்டர் பாக்கி?’ என்று மட்டும் கேட்டால், ஆட்கள் மாலைக் கேள்விக்கே பதில் தயாரிப்பார்கள். மேற்பார்வையாளர் எதைப் போய்ப் பார்க்கிறாரோ அதுதான் உண்மையான பாடத்திட்டம்.

இவ்வளவும் சொன்ன பிறகு, நீங்கள் கேட்ட மரப்பட்டைச் சிக்கலுக்கு நான் முதலில் சொல்லும் தீர்வு பயிற்சியே அல்ல. ஒவ்வொரு மரத்தைச் சுற்றியும் அரை மீட்டராவது புல்லை நீக்கி, 5 முதல் 10 செ.மீ. கனத்துக்கு மூடாக்கு, அதாவது காய்ந்த இலை, மரச்சீவல் போன்றவற்றை மண்மேல் பரப்பிப் போடுங்கள். மூடாக்கு தண்டைத் தொடாமல் ஒரு கை அகலம் இடைவெளி விடுங்கள். புல் இல்லாத இடத்தில் கயிற்றை ஓட்டும் அவசியம் யாருக்கும் வராது. பிழை நிகழ வழியே இல்லாமல் செய்துவிடக்கூடிய இடத்தில் மனிதர்களின் கவனத்தை நம்புவது மரத்துக்கும் ஆளுக்கும் அநியாயம்; அப்படிச் செய்ய முடியாத கவாத்து, தெளிப்பு, சரிவில் ஓட்டுவது போன்றவற்றுக்குப் பயிற்சி நேரத்தை மிச்சப்படுத்துங்கள்.

பிறகு வளாகத்தில் 20 இளமரங்களைத் தேர்ந்து, மாதத்துக்கு ஒருநாள் குழுவில் ஒருவரை அழைத்துக்கொண்டு, அடித்தண்டில் புதிதாக விழுந்த காயங்களை அவரையே எண்ணச் சொல்லி ஒரு நோட்டில் எழுதிவாருங்கள். அடுத்த மாதம் வேறொருவர் எண்ணட்டும். கையெழுத்து வாங்கிய தாளைவிட, உங்கள் பயிற்சி கைக்கு இறங்கியதா என்பதை அந்த நோட்டு சரியாகச் சொல்லும்.